வெள்ளிக்கிழமை பிடித்தால் திங்கள்கிழமை வரை: நாடாளுமன்ற உள்துறைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தின் உள்துறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். குடிவரவுச் சோதனை என்று சொல்லி இந்த நாட்டுக் குடிமக்களையே பிடித்து அடைத்து வைப்பது பற்றி எழுதுகிறேன். இந்த மடலின் ஆங்கிலப் பிரதியை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. இங்கே இருக்கும் எங்கள் தமிழ் ஆட்கள் பலர் "நமக்கு இதெல்லாம் நடக்காது" என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன வருஷம் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் நாத்தனார் மகன் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன். கடைகளில் இருக்கும் பெரிய ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் எல்லாம் ரிப்பேர் செய்கிற வேலை. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் ஒரு சின்ன ஊரில், வங்காளதேசத்துக்காரர் நடத்தும் மளிகைக் கடைக்கு வேலையாகப் போயிருந்தான். வெள்ளிக்கிழமை மதியம். கம்ப்ரசரைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தபோது குடிவரவு அதிகாரிகளும் போலீசும் உள்ளே வந்தார்கள். கடையில் வேலை செய்யும் நாலு பேரைச் சுவரோரம் நிறுத்தினார்கள். இவனையும் சேர்த்து ஐந்து பேர்.

ஐடி கார்டு தங்கியிருந்த விடுதியில், வேறொரு பேன்ட் பையில் இருந்தது. "நான் இந்த நாட்டுக்காரன், டர்பன்" என்று சொன்னான். அதிகாரி அந்தப் பக்கத்து மொழியான செசோத்தோவில் ஏதோ கேட்டார். இவனுக்கு எங்கள் பக்கம் பேசும் ஜூலு நன்றாக வரும், செசோத்தோ வராது. வெளிநாட்டவன் என்று முடிவுகட்ட அவர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. வேனில் ஏற்றுவதற்கு முன்னால் தன்னுடைய 13 இலக்க ஐடி எண்ணை மனப்பாடமாக இரண்டு தடவை சொன்னான். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. விடுதி நாலு தெரு தள்ளித்தான், வந்து பாருங்கள் என்றும் கேட்டான். யாரும் போகவில்லை.

அந்த எண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. பதினோராவது இலக்கம் 0 என்றால் குடிமகன், 1 என்றால் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர். வாய்க்கு வந்த எண்ணை எவரும் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். சரி, சொல்லலாம். அதற்காகத்தானே எங்கள் விரல் ரேகையை வாங்கி வைத்திருக்கிறீர்கள்? 16 வயதில் ஐடிக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து அவன் பத்து விரலும் ஹோம் அஃபேர்ஸ், அதாவது உள்துறை, கணினியில் இருக்கிறது. நான் வங்கிக்குப் போனால் கவுன்டரில் உள்ள பெண் ஒரு சின்னக் கருவியை என் பக்கம் திருப்பி வைக்கிறாள். விரலை வைக்கிறேன். உங்கள் கணினியோடு ஒத்துப் பார்த்து, நான் நான்தான் என்று அது சொல்லிவிடுகிறது. கடன் கொடுப்பதற்கு முன்னால் வங்கி செய்கிற இந்தச் சோதனையை, ஒரு மனிதனைப் பூட்டி வைப்பதற்கு முன்னால் அரசாங்கம் ஏன் செய்வதில்லை?

சட்டம் இதைச் சொல்லாமல் இல்லை. 2002ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், 41ஆம் பிரிவு: சந்தேகப்பட்டு ஒருவரைப் பிடிக்கிற அதிகாரி, அவருடைய அடையாளத்தை உறுதிசெய்ய அவருக்கு உதவ வேண்டும். அப்புறம்தான், தேவைப்பட்டால், காவலில் வைப்பது. பதிவேட்டைப் பார்ப்பது, உறவினரைத் தொடர்புகொள்வது என்று அந்த உதவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விதிகளும் இருக்கின்றன. இந்தப் படிக்கட்டைத்தான் தாண்டிக் குதித்துவிட்டார்கள்.

அடுத்து 34ஆம் பிரிவு. இந்த நிலையில் ஒருவரை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்த 48 மணி நேரம் நீதிமன்ற விடுமுறை நாளில் முடிந்தால், அடுத்த வேலை நாள் மாலை 4 மணி வரை நீளும். வெள்ளி மதியம் பிடித்தால் திங்கள் மாலை வரை கேட்க நாதியில்லை. ஏன் இந்தச் சோதனைகளை வெள்ளிக்கிழமையில் வைக்கிறார்கள் என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கலாம்.

எங்களுக்குச் செய்தி வந்தது சனிக்கிழமை காலையில், ஒரு இரக்கமுள்ள காவலரின் போனிலிருந்து. "மாமி, அம்மாகிட்ட மெதுவா சொல்லுங்க" என்றான். நான் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மேசை மேல் பழைய பேக்கர்ஸ் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். அவன் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூட ரிப்போர்ட், அவளுடைய பழைய பச்சை ஐடி புத்தகம், எல்லாவற்றுக்கும் அடியில் அவள் கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பதிவின் நகல். 1860 முதல் 1911 வரை கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர். ஊர், தாலுகா, சாதி, உயரம், இடது புருவத்துக்கு மேல் தழும்பு, அப்புறம் ஒரு நம்பர். எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினோம். "நகல் செல்லாது, அசலைக் கொண்டுவாங்க" என்றார்கள். என் கணவர் அன்றே காரை எடுத்தார். அசலைக் காட்டியும், கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி திங்கள்கிழமைதான் வருவார் என்றார்கள். திங்கள் மதியம் 3 மணிக்கு விட்டார்கள். பிடித்ததற்கும் விட்டதற்கும் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொடுக்கவில்லை.

நான் மதுரையிலிருந்து கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தவள். என் பேச்சைக் கேட்ட உடனே வெளியூர்க்காரி என்று யாருக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒருவரும் என் கையைப் பிடித்ததில்லை. ஐந்தாம் தலைமுறையாக இங்கே இருக்கிறவனைப் பிடித்தார்கள். முகத்தையும் மொழியையும் வைத்துக் குடியுரிமையைக் கணிப்பது எவ்வளவு தப்பாகப் போகும் என்பதற்கு எங்கள் ஒரு குடும்பம் போதும்.

அதுவும் ஃப்ரீ ஸ்டேட்டில் நடந்தது என் மாமனாரைத்தான் அதிகம் உடைத்தது. 1891இல் இந்தியர்கள் குடியிருக்கக் கூடாது என்று சட்டம் போட்ட மண் அது. 1980களின் நடுப்பகுதி வரை அந்தத் தடை நீங்கவில்லை. ஜோகன்னஸ்பர்க்குக்குப் போகும்போது வழியில் ஃப்ரீ ஸ்டேட்டில் இருக்கும் ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போட மட்டும் நிறுத்துவாராம். இருட்டுவதற்குள் மாகாண எல்லையான வால் ஆற்றைத் தாண்டிவிட வேண்டும் என்ற பதற்றம் இப்போதும் அவர் குரலில் இருக்கிறது. தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடி பூர்விக ஊர், அவ்வளவுதான். 1913இல் அனுமதியில்லாமல் மாகாண எல்லையைத் தாண்டினார் என்று, இந்த மண்ணில் பிறந்த பெண்ணைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் போட்டார்கள். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்துபோனார். அந்தச் சட்டங்களை எல்லாம் கிழித்துப் போட்டுத்தானே நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாடாளுமன்றம் உண்டானது.

இதில் எங்கள் சனங்களைவிட அதிகம் அடிபடுகிறவர்கள் கறுப்பினச் சகோதரர்கள். வடக்கே லிம்போபோ மாகாணத்திலிருந்து வரும், இந்த நாட்டு மக்களான வெண்டா, சோங்கா ஆட்களைத் தோல் இன்னும் கறுப்பாக இருக்கிறது என்பதற்காகவே நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். 2008இல் வெளிநாட்டவருக்கு எதிராக நடந்த கலவரத்தில் முழங்கைக்கு ஜூலுவில் என்ன சொல்வது என்று கேட்டு, தெரியாதவர்களை அடித்தார்கள். அன்று கொல்லப்பட்ட 62 பேரில் 21 பேர் தென்னாப்பிரிக்கர்கள். அது தெருக்கும்பல் செய்தது. ஆனால் சீருடை போட்டவர் செசோத்தோவில் கேள்வி கேட்டதும் அதே சோதனைதான்.

அப்படியானால் குடிமக்களை மட்டும் விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் பயனில்லை. பிடிபட்ட அந்த நிமிஷத்தில் யார் குடிமகன், யார் வெளிநாட்டவர் என்று ஒருவருக்கும் தெரியாதே. வெளிநாட்டவருக்கு என்று எழுதி வைத்த பாதுகாப்புதான் அந்த நேரத்தில் என் நாத்தனார் மகனுக்கும் இருந்த ஒரே பாதுகாப்பு. அதைப் பலவீனமாக வைத்தால் அவனும் அதோடு சேர்ந்து விழுவான். கூடப் பிடிபட்ட நாலு பேரில் இரண்டு பேரிடம் புகலிடம் கோரிய காகிதம் செல்லுபடியாக இருந்தது என்று அவன்தான் சொன்னான். அவர்களும் அதே தரையில்தான் படுத்தார்கள்.

2017 ஜூன் 29 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நாடு கடத்துவதற்காகப் பிடித்தவரையும் 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நேரில் நிறுத்த வேண்டும். அதுவரை நீதிமன்றத்தின் கண்ணில் படாமலே 30 நாள் வைத்திருக்க முடிந்தது. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு இரண்டு வருஷம் கொடுத்தார்கள். 2019இல் கெடு முடிந்தது, திருத்தம் வரவில்லை. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. அது உங்கள் நாடாளுமன்றம் தவறவிட்ட கெடு. அதனால்தான் அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வேனில் ஏற்றுவதற்கு முன்னால் விரல் ரேகையை ஒத்துப் பார்க்க வேண்டும், கருவி இல்லாமல் சோதனைக்கே கிளம்பக் கூடாது. சொன்ன ஐடி எண், பார்த்த நேரம், வந்த பதில் மூன்றையும் எழுதி, பிடிபட்டவர் கையில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். சனி, ஞாயிறிலும் கையெழுத்துப் போட ஒரு அதிகாரி இருக்க வேண்டும். சோதனைக்கு மட்டும் வார இறுதியில் ஆள் கிடைக்கிறதே. அப்புறம், குடிவரவுச் சோதனையில் பிடித்து, பிறகு குடிமக்கள் என்று தெரிந்து விடுவிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை உங்கள் அடுத்த கூட்டத்தில் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். கணக்கே வைப்பதில்லை என்று பதில் வந்தால் அதையும் வெளியிடுங்கள்.

அவன் இப்போது ஐடி கார்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஷூ கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறான். குனிந்து கம்ப்ரசரைத் திறக்கும்போது இடிக்கிறது என்று அதைச் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறான்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தி,
டர்பன்