வழிகாட்டிப் பக்கத்தில் இவர்களுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி இறுதித் தேர்வு நெருங்கினாலே ‘அடுத்து என்ன படிக்கலாம்’ என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள், நல்லதுதான். ஆனால் சிறப்புக் கல்வியில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு வரி கூட என் கண்ணில் பட்டதில்லை. மற்ற பிள்ளைகளாவது பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தோ நண்பனைப் பார்த்தோ ஏதோ ஒரு வழியைப் பிடித்துக்கொள்வார்கள், இவர்களுக்கு யாராவது உட்கார்ந்து முன்கூட்டியே யோசித்தால்தான் உண்டு.

நான் ஒரு சிறப்பாசிரியர். இந்தக் கேள்வியோடு பெற்றோர் எங்களிடம் வருவது பெரும்பாலும் கடைசி வருஷத்தில்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை, தெரபிக்கும் டாக்டரிடமும் ஓடியே பாதிக் காலம் போய்விடுகிறது. ஆனால் தனியாக பஸ் ஏறி இறங்குவது, பணத்தை எண்ணிக் கொடுத்து மீதி வாங்குவது, வழி தவறினால் யாரிடம் கேட்பது என்பதெல்லாம் ஒரு வருஷத்தில் கற்றுக்கொடுக்கிற சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவில், மாணவருக்கு 16 வயது ஆகும்போது பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பேசும் கூட்டத்துக்கு மாணவரையும் அழைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. என்னைக் கேட்டால் 14 வயதில் தொடங்குவதும் சீக்கிரம் இல்லை.

மாணவரையும் அழைக்க வேண்டும் என்பதைத்தான் நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். அம்மா பேசுவார், அப்பா பேசுவார், நாங்களும் பேசுவோம், பிள்ளை ஓரமாக உட்கார்ந்திருக்கும். ‘அவனுக்குப் பேச்சே வராதே, எப்படிக் கேட்பது?’ என்பார்கள். படம் காட்டிக் கேட்கலாம். அல்லது நாலைந்து விதமான வேலையைச் செய்ய விட்டு, எதில் முகம் சுளிக்கிறான், எதை விட்டு எழுந்து வர மாட்டேன் என்கிறான் என்று கவனித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். அதை விட்டுவிட்டு, சிறப்புப் பள்ளி என்றாலே மெழுகுவர்த்தியும் காகிதப் பையும் செய்வதுதான் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை!

1996-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ‘ப்ராஜெக்ட் சர்ச்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. அவசர சிகிச்சைப் பிரிவில் சாமான்களை எடுத்து அடுக்குகிற வேலைக்கு ஆள் நிலைக்கவில்லை, அதை வளர்ச்சிக் குறைபாடு உள்ள இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று அங்கிருந்த செவிலியர் மேலாளர் ஒருவர் யோசித்ததுதான் ஆரம்பம். இன்று பல நாடுகளில் நடக்கும் அந்தத் திட்டத்தில், பள்ளியின் கடைசி வருஷத்தை மாணவர்கள் வகுப்பறைக்குப் பதிலாக ஒரு நிறுவனத்திலேயே கழிக்கிறார்கள். மூன்று பிரிவுகளில் மாறி மாறி வேலை பழகுகிறார்கள், கூடவே ஆசிரியரும் வேலைப் பயிற்சியாளரும் இருக்கிறார்கள். முதலில் பயிற்சி, எல்லாம் கற்று முடித்தபிறகு வேலை என்று காத்திருந்தால் பயிற்சியே வாழ்நாள் முழுக்க ஓடும், வேலை செய்யும் இடத்தில் வைத்துக் கற்றுக்கொடுத்தால்தான் இவர்களுக்கு ஒட்டும். படிக்கும்போதே சம்பளத்துக்கு வேலை பார்த்த பிள்ளைகளுக்குப் பிறகு வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு வேறு சிக்கல். எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்குப் பள்ளியில் கூடுதல் நேரமோ தேர்வு எழுத ஆளோ நாங்களே ஏற்பாடு செய்துவிடுவோம். கல்லூரியில் பெரும்பாலும் அவரே போய்ச் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும். தன் குறைபாடு என்ன, தனக்கு என்ன வேண்டும் என்று நாலு வரியில் கூச்சமில்லாமல் சொல்ல ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பழக்கிவிட வேண்டும்.

அப்புறம் 18 வயது. பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி பெரியவர் ஆகிற வயது அதுதான். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது என்று சொன்னதும் பயந்துபோய், உடனே பிள்ளைக்குப் பதிலாகத் தாங்களே சட்டப்படி முடிவெடுக்கும் பாதுகாவலர் உரிமைக்கு மனு போடுகிறார்கள். சிலருக்கு அது தேவைதான். ஆனால் 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, முடிவெடுக்கும் சட்ட உரிமை இவர்களுக்கும் சமமாக உண்டு, அதற்கான உதவியைத்தான் செய்து கொடுக்க வேண்டும் என்கிறது. உதவினால் தானே முடிவெடுக்கக்கூடிய பிள்ளையிடமிருந்து அந்த உரிமையை எழுதி வாங்குவதற்குமுன் விவரம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடமாவது கேளுங்கள்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். வழிகாட்டித் தொடரில் ஒரு பக்கத்தையாவது இவர்களுக்கு ஒதுக்குங்கள். டாக்டர்களிடம் மட்டும் பேட்டி எடுக்காமல், ஏற்கெனவே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் மாற்றுத்திறனாளி இளைஞர்களிடமும் அவர்களுக்கு வேலை கொடுத்தவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். அதைத் தேர்வு முடிவு வரும் வாரத்தில் போட வேண்டாம். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கண்ணில் படும்படி, பள்ளி திறக்கும்போதே போட்டால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு சிறப்பாசிரியர்