செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: ஒரு பத்மினியின் முன்கண்ணாடி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

மும்பையின் செம்பூர், மாட்டுங்கா, சயான், முலுண்ட் பகுதிகளில் பழைய கார் வைத்திருக்கும் தமிழர்கள் கூடி நடத்தும் நம் சங்கத்தின் செயற்குழு இவ்வாண்டும் வழக்கம்போல் கூடியது. பொங்கலை ஒட்டிய கார் அணிவகுப்பும் குறையின்றி நடந்தது. இவற்றைப் பற்றி விரித்துரைக்க ஏதுமில்லை. ஆண்டின் ஞாயிற்றுக்கிழமைகளில் பலவும், சங்க நிதியில் ஒரு பெரும் பங்கும், மாட்டுங்கா உறுப்பினரின் 1974ஆம் ஆண்டுப் பிரீமியர் பத்மினியின் முன்கண்ணாடியைக் கழற்றி மாற்றுவதிலேயே சென்றதால், இவ்வறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதாகவே அமைந்திருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் அந்தக் காரின் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து நீர் சொட்டி, ஓட்டுநர் பக்கத்து மிதியடி நாள் முழுவதும் ஈரமாகவே கிடந்தது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் இற்றுவிட்டது என்று கருதிய உறுப்பினர், நம்மைக் கேளாமல் ஒரு கண்ணாடிக் கடைக்குச் சென்றார். அங்கிருந்தவர் கண்ணாடியைக் கழற்றாமலேயே ரப்பரின் ஓரமெங்கும் சிலிக்கானைப் பிதுக்கி அடைத்து, அரை மணி நேரத்தில் வண்டியைத் திருப்பித் தந்துவிட்டார். ஒழுக்கு ஒரு மாதம் நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியது. காய்கிறபோது புளிக்காடியின் நெடி வீசும் சிலிக்கான் அது என்பதை உறுப்பினர் சொன்ன பிறகே அறிந்தோம். அவ்வகைச் சிலிக்கான் இறுகும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் இரும்புத் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், அதை உடனே நீக்கியாக வேண்டும் என்று நவம்பர் மாதச் செயற்குழு முடிவு செய்தது.

பிற்காலக் கார்களில் முன்கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டிருக்க, பத்மினி போன்ற வண்டிகளில் அது ரப்பர் வளையம் ஒன்றினாலேயே நிற்கிறது. அந்த ரப்பரில் காடிகள் எனப்படும் நீள்பள்ளங்கள் இரண்டு உண்டு. ஒன்று கண்ணாடியின் ஓரத்தையும் மற்றொன்று உடற்கூட்டின் தகட்டு விளிம்பையும் கவ்விக்கொள்ளும். முதலில் வைப்பர் கைகளையும் குரோம் பட்டைகளையும் கழற்றினோம். பட்டை ஒருமுறை மடங்கினால் அந்த மடிப்பு முழுதாக மறையாது என்பதால் அதற்கே ஒரு காலைப்பொழுது தேவைப்பட்டது. அடுத்து, உள்ளிருந்து ரப்பரின் உதட்டை மெல்ல நெம்பி விளிம்பைத் தாண்டச் செய்ய வேண்டும். ஸ்க்ரூடிரைவர் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டால் ஆபத்து என்பதால், பொருளாளர் தம் வீட்டு மரக்கரண்டி ஒன்றின் காம்பைச் சீவிக் கொண்டுவந்தார். அது வீட்டில் யாருக்கும் தெரியாமல் எடுத்து வரப்பட்டது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சிலிக்கான் பிடித்திருந்த இடங்களில் கரண்டியும் பயன்படாமல் போகவே, பழைய ரப்பர் இனி உதவாது என்று துணிந்து, அதன் வெளி உதட்டைக் கத்தியால் அறுத்தெடுத்த பின், இருவர் முன் இருக்கையில் அமர்ந்து மேல் மூலைகளை உள்ளங்கையால் சீராகத் தள்ள, வெளியே நின்ற இருவர் கண்ணாடியைத் தாங்கி வாங்கினார்கள்.

ரப்பர் நீங்கிய பிறகே உண்மையான நோய் கண்ணில் பட்டது. கீழ் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குத் தகடே இல்லை. முன்பு எப்போதோ யாரோ அந்த இடத்தில் வெல்டிங் செய்யாமல் பட்டி பூசி, மேலே வண்ணம் அடித்து மறைத்திருந்தார்கள். ரப்பர் எவ்வளவு புதியதாக இருந்தாலும் கவ்வுவதற்கு இரும்பு இல்லாத இடத்தில் அது நீரைத் தடுக்காது. கெட்ட பகுதியை வெட்டி நீக்கி, புதுத் தகட்டை அதே கனத்தில் வெல்டிங் செய்து, ஒட்டின் மேடுகளைத் தேய்த்துச் சமப்படுத்தி, துரு நீக்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசலும் எபாக்ஸி பிரைமரும் பூசி, வண்ணம் அடித்து, ஒரு வாரம் காயவிட்டோம். விளிம்பில் கடுகளவு மேடு எஞ்சியிருந்தாலும் அந்தப் புள்ளியில் அழுத்தம் குவிந்து கண்ணாடி விரியக்கூடும் என்பதால், தேய்க்கும் வேலையை, தகட்டு வேலை செய்யும் நம் டிங்கர் மூன்று முறை திரும்பச் செய்ய நேர்ந்தது. அவருக்குக் கொடுத்த கூலி அதிகம் என்று ஓர் உறுப்பினர் எழுத்து மூலம் ஆட்சேபித்திருக்கிறார். என் கருத்தில் அது குறைவே.

கண்ணாடியைப் பற்றிச் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. கழற்றிய கண்ணாடி டஃபன்ட் வகையை, அதாவது சூட்டில் பதப்படுத்தி உறுதியாக்கிய ஒற்றைக் கண்ணாடி வகையைச் சேர்ந்தது. உடையவில்லை என்றாலும் வைப்பர் கீறிய வட்டங்கள் நிறைந்து, இரவில் எதிர்வரும் விளக்கொளியைச் சிதறடித்தது. வண்டியோடு வந்த கண்ணாடியே அதன் அடையாளம் என்பதும், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதி லாமினேட்டட் முன்கண்ணாடியைக் கட்டாயமாக்குவது அவ்விதிகள் நடைமுறைக்கு வந்து மூன்றாண்டுகளுக்குப் பின் தயாரான வண்டிகளுக்கே என்பதும் தலைவர் அவர்களின் வாதம். சட்டப்படி அவர் சொன்னது சரியே. ஆயினும், ஒரு கல் பட்டால் டஃபன்ட் கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் கற்கண்டுபோல் நொறுங்கிப் பார்வையை மறைத்துவிட, இரு தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் படலம் வைத்த லாமினேட்டட் கண்ணாடி பட்ட இடத்தில் மட்டும் சிலந்திவலைபோல் விரிந்து, சட்டத்திலேயே நிற்கிறது. வண்டியை ஓட்டுபவர் எழுபது வயதைக் கடந்தவர் என்பதை நான் நினைவூட்டினேன். வாக்கெடுப்பில் லாமினேட்டட் வென்றது. பழைய கண்ணாடி கம்பளியில் சுற்றப்பட்டுத் தலைவர் வீட்டுப் பரணில் இருக்கிறது.

பத்மினி பிறந்த ஊரே குர்லா என்பதால் அங்கே எதுவும் கிடைக்கும் என்று நாம் இருந்துவிட்டோம். நகரின் கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவாகி, இருபதாண்டு வயது வரம்பின்படி 2023 அக்டோபரில் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. டாக்சிகளுக்காகவே செய்து வைக்கப்பட்ட உதிரிப் பாகங்களை வாங்குவோர் குறைந்துவிட்டதால் கடைகளும் அவற்றைப் புதிதாகத் தருவிப்பதில்லை. மூன்றாவது கடையில் லாமினேட்டட் கண்ணாடி கிடைத்தது. கம்பளியின் மேல் பழையதையும் புதியதையும் அடுக்கிப் பார்த்தபோது இடது மூலையில் இரண்டு நாணயங்களின் கனத்துக்கு இடைவெளி தெரிந்ததால் அதைத் திருப்பிக் கொடுத்து, அடுத்ததை எடுத்தோம். வளைவு பொருந்தாத கண்ணாடியை ரப்பர் இழுத்துப் பிடிக்கும் என்று நம்பிப் பூட்டியவர்கள், பிறகு ஓரத்திலிருந்து ஓடும் விரிசலைக் கண்டிருக்கிறார்கள்.

பூட்டுகிற நாளில் புதிய ரப்பரை வெயிலில் வைத்து இளக்கி, கண்ணாடியைச் சுற்றி மாட்டி, தகட்டுக்கான காடியில் நைலான் கயிற்றை முழுச் சுற்றாக ஓடவிட்டு, அதன் இரு முனைகளும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டி உள்ளே தொங்குமாறு விட்டோம். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும் என்பதால் சோப்பு நீரையே தடவினோம். வெளியே இருவர் கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்க, உள்ளிருந்தவர் கயிற்றை இழுக்க இழுக்க ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே படிந்து வந்தது. முதல் முறை மெல்லிய கயிறு பாதியில் அறுந்துபோனது. தடித்த கயிற்றுடன் இரண்டாம் முறை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அதன் பின்னர் ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையே இறுகாத வகை அடைப்புப் பசையையும், வெளியே குரோம் பட்டையையும் இட்டோம்.

நீர்ச் சோதனையில் ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. மிதியடிகளை எடுத்துவிட்டுத் தரையில் செய்தித்தாள் விரித்து, கீழிருந்து மேலாகக் குழாய் நீரைப் பாய்ச்சியபோது, கண்ணாடியின் ஓரமெங்கும் உலர்ந்திருக்க, செய்தித்தாள் மட்டும் ஓரிடத்தில் நனைந்தது. டார்ச்சுடன் உள்ளே படுத்திருந்த இணைச் செயலாளர், வைப்பர் தண்டு உடற்கூட்டைத் துளைத்து வரும் இடத்திலிருந்த சிறு ரப்பர் வளையம் பிளந்திருப்பதைக் கண்டுபிடித்தார். சென்ற ஆண்டு மிதியடியை நனைத்த நீரில் ஒரு பங்கு அவ்வழியாகவும் வந்திருக்க வேண்டும். இச்சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும்; செய்யாதது செயலாளராகிய என் பிழை. வளையம் மாற்றப்பட்டு, மறு சோதனையில் செய்தித்தாள் உலர்ந்தே இருந்தது.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட இவ்வண்டியை 2021ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாமே என்று சிலர் கேட்டார்கள். இருபதாயிரம் ரூபாய்க் கட்டணம் ஒருபுறம் இருக்க, அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக்கூடாது என்பதால், மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்க அதில்தான் செல்லும் உறுப்பினர் அதற்கு இசையவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மும்பையில் மழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 11 என்பதால், அதற்கு முன் முலுண்ட் உறுப்பினரின் அம்பாசடரை எடுத்துக்கொள்வதென்று தீர்மானிக்கப்பட்டுள்ளது. அதற்குக் கண்ணாடியைத் தாங்க இருவரும், தடித்த நைலான் கயிறும், இம்முறை விலை கொடுத்து வாங்கிய மரக்கரண்டி ஒன்றும் தேவைப்படுகின்றன. வர இயன்றவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தர வேண்டுகிறேன்.