ரீபோருக்குக் கொடுத்துவிடாதே

காரைக்குடி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாதது என் தப்புதான். இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. மற்றதெல்லாம் அடுத்த கடிதத்தில். இப்போது உன் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். திங்கட்கிழமை சிலிண்டரைக் கழற்றி ரீபோருக்கு, அதாவது உள்சுவரைக் கடைந்து அகலமாக்க, கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதை நிறுத்து. அப்பச்சி ஓட்டிய வண்டி மாப்ளே. கடைந்து எடுத்த இரும்பு திரும்ப வராது.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். காலையில் ஒரே உதையில் கிளம்புகிறது. கானாடுகாத்தானிலிருந்து இங்கே வருவதற்குள் சூடேறிவிட்டால், ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் ஐடில் (சும்மா நிற்கும்போது ஓடும் வேகம்) இறங்காமல் ஏறியே நிற்கிறது. திறந்தால் ஒரு நொடி அமுங்கி, அப்புறம் பாய்கிறது. பிளக் முனை சுண்ணாம்பு வெள்ளை. இதில் தேய்ந்த பிஸ்டனுக்கான அடையாளம் எங்கே இருக்கிறது? தேய்ந்திருந்தால் காலைக் குளிரில் கிளம்பவே அடம் பிடிக்கும், கிக்கர் காலுக்குக் கனமில்லாமல் இறங்கும். உன் வண்டியில் கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது.

இன்னொன்றும் கவனி. உச்சிவெயிலில் காற்று லேசாகும். 20 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் அடர்த்தி ஏறக்குறைய 6 சதவீதம் குறைவு. அதனால் மதியத்தில் பெட்ரோல்-காற்றுக் கலவை கொஞ்சம் கெட்டியாகத்தான், பெட்ரோல் கூடித்தான், ஆக வேண்டும். உன் வண்டியோ மதியம்தான் அதிகமாக லீன் ஆகிறது, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சுகிறது. கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டின் கோளாறு அப்படி நடந்துகொள்ளாது.

உன் வண்டியைப் பார்த்த மெக்கானிக் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கியது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. மெயின் ஜெட் முக்கால் திறப்புக்கு மேலேதான் ஆட்சி செய்யும். ஐடிலும் முதல் கால்வாசித் திறப்பும் பைலட் ஜெட், ஏர் ஸ்க்ரூ கையில், நடுவில் ஊசி. கீழே இருக்கும் நோய்க்கு மேலே மருந்து போட்டிருக்கிறார். நீயும் மொய் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு கடையிலும் பணம் வைத்துவிட்டு வந்திருக்கிறாய்!

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுழலும் பெட்டியான கிராங்க் கேஸே ஒரு பம்பு, அது உனக்குத் தெரியும். பிஸ்டன் மேலே போகும்போது உறிஞ்சும், கீழே வரும்போது தள்ளும். கிராங்கின் இரண்டு முனையிலும் இருக்கும் ஆயில் சீல்தான் அந்தப் பம்புக்கு வாசற்கதவு. ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டது. கம்பெனி சீல் இன்னும் உள்ளே இருந்தால் ரப்பர் கட்டை மாதிரி இறுகியிருக்கும். மேக்னட் (மின்சாரம் எடுக்கும் சக்கரம்) பக்க சீல் போனால் வெறும் காற்றை உறிஞ்சும். உனக்கு இருப்பது அதே அறிகுறி. கிளட்ச் பக்கம் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும்: வெள்ளைப் புகை அடங்காது, கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும்.

முதலில் ஐந்து நிமிட வேலை. ஐடில் ஏறி நிற்கும்போது பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் பாதி இழு. வண்டி அடங்கி ஒழுங்காக ஓடினால் லீன்தான், சந்தேகமில்லை. பிறகு டேங்க் மூடியைத் திற. ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் மூச்சுத்துளை செம்மண்ணில் அடைத்திருக்கிறது, பெட்ரோல் இறங்காமலும் லீன் ஆகும். பெட்ரோல் டேப்பின் ஓட்டத்தையும் பார்த்துவிடு.

இவை சரியாக இருந்தால் அழுத்தச் சோதனை: எஞ்சினுக்குள் காற்றை ஏற்றி, எங்கே கசிகிறது என்று பார்ப்பது. இதற்கு ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவி போதும், வட்ட மீட்டர் வைத்தது. நமக்கு வேண்டியது 6 பி.எஸ்.ஐ. அழுத்தம்; மீட்டரின் 300 கிட்டத்தட்ட அதுவே. சைலன்சரைக் கழற்றி, சைக்கிள் டியூப் ரப்பரை மடித்து வைத்து, மேலே தகடு போட்டு எக்ஸாஸ்ட் வாயை முடுக்கி அடை. கார்பரேட்டரை எடுத்துவிட்டு, இன்டேக் ரப்பரில் கருவியின் குழாய் நுழைத்த ரப்பர் தக்கையைச் செருகிக் கிளாம்ப் போடு. ஆயில் பம்பிலிருந்து வரும் குழாயின் வாயையும் மூடு. பிளக் இடத்திலேயே இருக்கட்டும். பிஸ்டனை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் சிலிண்டர் சுவரின் வழிகளான போர்ட்டெல்லாம் திறந்து ஒரே அறையாகும்.

சிலர் பிளக் துளை வழியாகக் காற்றடிப்பார்கள். அதைச் செய்யாதே. உள்ளிருந்து தள்ளினால், காற்றை உள்ளே மட்டும் விடும் தகடான ரீட் மூடிக்கொள்ளும், அதற்கு வெளியே இருக்கும் இன்டேக் ரப்பர் சோதனைக்கே வராது. பாதி வண்டியில் அந்த ரப்பர் வெடிப்புதான் குற்றவாளி.

மெதுவாக 300 வரை ஏற்று, அதற்கு மேல் வேண்டாம். நிமிடத்துக்கு 50-க்கு மேல் முள் இறங்கினால் கசிவு உறுதி. சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு இன்டேக் ரப்பர், ரீட் பிளாக், சிலிண்டர் அடி கேஸ்கெட், ஹெட், பிளக் அடி என்று வரிசையாகத் தடவு. மேக்னட் சீலைப் பார்க்க மேக்னட்டைப் புல்லர் வைத்துத்தான் எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் கோணும். கிளட்ச் பக்கத்துக்கு, கியர் ஆயில் ஊற்றும் துளையின் வாயில் சோப்புப் படலம் ஒன்றை விரி. அது குமிழாக உப்பினால் அந்த சீல் போயிற்று.

எக்ஸாஸ்ட் அடைப்பை எடுத்ததும் டார்ச் அடித்துப் பிஸ்டன் பக்கவாட்டைப் பார்த்துக்கொள். நெட்டுக்குத்தாகக் கோடுகள் விழுந்திருந்தால் பிஸ்டன் ஒருதடவை சிலிண்டரோடு இறுகிப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது மட்டும் சிலிண்டரைத் திறப்பதைப் பற்றிப் பேசலாம்.

கசிவை அடைத்தபிறகே கார்பரேட்டரில் கை வை. பழைய மெயின் ஜெட்டைத் திரும்பப் போடு. ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றில் தொடங்கு. வெளியே திருப்பத் திருப்ப லீன். இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல். சுத்த பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இதற்கு 13.5 அளவுதான்; அதே ஜெட்டில் கலவை லீன் பக்கம் சாயும். பிளக் இன்னும் வெளுத்தே இருந்தால் ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கு. ஊசி உயரும், பெட்ரோல் கூடும்.

பழனி சொன்னான் என்று பெட்ரோலில் ஆயிலைக் கூட்டி ஊற்றாதே. ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, கலவை இன்னும் லீன் ஆகும்.

அதுவரை வண்டி உங்கள் வீட்டுப் பட்டாலை ஓரத்திலேயே நிற்கட்டும். இங்கே கொண்டுவருவதானால் குட்டி யானையில் ஏற்றி வா, ஓட்டி வராதே. லீனாக ஓடும் எஞ்சின் முழுத் திறப்பில் பிடித்தால் பின்சக்கரம் அப்படியே இறுகும்; லாரிகள் போகிற ரோட்டில் அதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

முள் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது, குமிழி எங்கே வந்தது, இந்த இரண்டையும் எழுது. போனில் சொன்னாலும் சரி.

அன்புடன்,
அண்ணாமலை