பாலன் குடிலும் பலகாரத் தட்டும்

அன்பின் நண்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ரொரன்ரோவில் வளரும் பிள்ளைகளுக்கு நத்தார் என்றால் கடையும் பரிசுப் பெட்டியும் என்றாகிவிடுமோ என்று எழுதியிருந்தாய். இங்கே மட்டக்களப்பில் மழை விட்டபாடில்லை, வாவி நிரம்பிக் கிடக்கிறது. வெளியே போக வழியில்லாததால் ஆறுதலாகப் பதில் எழுதுகிறேன்.

ஊரில் செய்த எல்லாவற்றையும் அங்கே செய்யப் பார்க்காதே. ஒன்றிரண்டை எடு, எடுத்ததைப் பிள்ளைகளின் பொறுப்பில் விடு. நாங்கள் செய்ய அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த எதுவும் எங்கள் வீட்டில் நிலைக்கவில்லை.

பாலன் குடில் சின்னவளின் வேலை. டிசம்பர் பிறந்ததும் தட்டில் மண் பரப்பிக் குரக்கன் விதைப்பாள். நத்தாருக்குள் பச்சைப்பசேலென்று எழும்பிவிடும், குடிலுக்கு அதுதான் புல்வெளி. மாதாவும் சூசையப்பரும் நிற்பார்கள், வைக்கோல் மட்டும் வெறுமையாக இருக்கும். புளியந்தீவு மரியாள் பேராலயத்தில் நள்ளிரவுப் பூசை கண்டு வந்து, ஈரக் குடையை விறாந்தையில் போட்டுவிட்டு, வீட்டில் இளையவள்தான் பாலனைக் கிடத்துவாள். மூன்று இராசாக்கள் அதுவரை அலுமாரியின் மேல். 25ஆம் திகதியிலிருந்து நாளுக்கொரு சாணாக நகர்ந்து ஜனவரி 6இல் குடிலுக்கு வந்து சேர்வார்கள். விடிந்ததும் யார் நகர்த்துவது என்று ஒரே சண்டை! 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துத்தான் குடில் அமைத்தாராம். உனக்கும் அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

கேக் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கஜு, பிளம்ஸ், சீனிப்பாகில் ஊறிய இஞ்சித் தோசி, பூசினித் தோசி எல்லாவற்றையும் பொடியாக வெட்டிப் பிராந்தியில் ஊறப்போடுவது மூத்தவன். பெரிதாக வெட்டினால் கேக் துண்டு போடும்போது உதிர்ந்துவிடும் என்று பெத்தா (பாட்டி) பக்கத்திலேயே இருந்து பார்ப்பா. ரவையைச் சிவக்காமல் வறுத்து, சூட்டோடு பட்டரில் கலந்து மூடிவைக்க வேண்டும். "மறுகா அடிக்கலாம், முதல்ல ரவை ஊறட்டும்" என்பா. சுட்ட கேக்கைத் துண்டு போட்டு எண்ணெய்க் கடதாசியில் சுற்றுவதற்குள் வீடே மணக்கும்.

பிராந்தி ஊற்றுவதற்கு முன்பே கொஞ்சத்தைப் புறம்பாக எடுத்து, வேறு தட்டில் ஒரு கேக் சுடுவோம். அது பின்வீட்டு முஸ்லிம் அண்ணன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவரின் குடும்பத்துக்கு. நத்தார் காலையில் முறுக்கு, கொக்கிஸ், கேக் அடுக்கிய தட்டுகளைப் பிள்ளைகள்தான் வீடுவீடாகக் கொண்டுபோவார்கள். போன தட்டு வெறுமையாகத் திரும்பி வராது. முன்வீட்டு மாமியிடமிருந்து தைப்பொங்கலுக்குப் புக்கை வரும், காக்கா வீட்டிலிருந்து பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும். சண்டைக் காலத்திலும் இந்தத் தட்டுகள் ஓயவில்லை என்று பெத்தா சொல்லுவா. நீயும் உன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு. அவர்கள் எந்த நாட்டவராக இருந்தால் என்ன?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே 25 கழிந்தால் 26. நாவலடி, டச்பார், திருச்செந்தூர் என்று எங்கள் கரையோர ஊர்களில் 2004 சுனாமியில் கடல் கொண்டுபோனவர்களை நினைக்காத நத்தார் எங்களுக்குக் கிடையாது. அன்று காலை குடிலின் முன் மெழுகுதிரி ஏற்றி நம்மவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம், வாசிப்பது மூத்தவன். 9.25க்கு நாடே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும்போது நாங்களும் நிற்போம். அதன் பிறகுதான் காலைச் சாப்பாடு. சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள், அந்த முகங்களைக் கண்டதில்லை. ஆனாலும் பெயர்கள் பாடம். உன் அண்ணாவின் பெயரும் அந்தத் தாளில் இருக்கிறது. இந்த வழக்கத்தை மட்டும் நீ அங்கே விட்டுவிடாதே. பிள்ளைகள் சின்னவர்கள், பயப்படுவார்கள் என்று நினைக்காதே. அவர்கள் கேட்கட்டும், நீ சொல்லு.

கேக்கைத் தகரப்பெட்டியில் போட்டு அனுப்புகிறேன். 24ஆம் திகதி பூசை முடிந்து நாங்கள் வீடு வர இரவு ஒரு மணியாகும், உனக்கு அப்போது பகல் 2.30. அந்த நேரம் வீடியோவில் எடு. சின்னவள் பாலனை வைக்கும்போது உன் பிள்ளைகளும் பார்க்கட்டும்.

அன்புடன்,
உன் நண்பி