எந்தப் புட்டியைச் சோதித்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அக்காவுக்கு 71 வயது. புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. ராத்திரியெல்லாம் வலியில் தவித்தவருக்கு ஓர் ஆயுர்வேத மருத்துவர் விஜயா எண்ணெய் எழுதிக் கொடுத்தார். கஞ்சா இலையிலிருந்து எடுக்கும் மருந்து. ஆயுஷ் உரிமத்தோடு ஆன்லைனில் கிடைக்கிறது. முதல் புட்டி வலிக்கு நன்றாகவே கேட்டது. அதே கம்பெனியின் இரண்டாவது புட்டியில், அதே நான்கு சொட்டுக்கு, தலை சுற்றி எழுந்து நிற்க முடியாமல் விடியும்வரை கட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் மருந்து ஆய்வகத்தில் 29 வருடம் வேலை பார்த்தவன். லேபிளைப் படித்தேன். 'விஜயா சாறு' இத்தனை மில்லிகிராம் என்று மட்டும் இருந்தது. கஞ்சாவிலுள்ள போதை தரும் டி.ஹெச்.சி. எவ்வளவு, போதை தராத சி.பி.டி. எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. சாற்றின் எடையை வைத்து என்ன செய்வது? ஒரு வயலின் இலைபோல அடுத்த வயலின் இலை இருக்காதே. கேட்டபோது லேப் ரிப்போர்ட் அனுப்பினார்கள். அதிலிருந்த பேட்ச் நம்பர் வேறு. சோதித்த தேதியோ, எங்கள் புட்டியின் தயாரிப்புத் தேதிக்கு ஐந்து மாதம் முந்தியது! ஈயம், காட்மியம் பற்றிப் பேச்சே இல்லை. மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் செடி அது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் ஆன்லைனில் விற்ற 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்து 2017-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 26 பொருள்களில்தான் லேபிள் அளவு சரியாக இருந்தது. 18 பொருள்களில் டி.ஹெச்.சி. இருந்தது.

உணவாகச் சாப்பிடும் கஞ்சா விதைக்குக்கூட உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2021-இல் வரம்பு வைத்தது: கிலோவுக்கு 5 மில்லிகிராம் டி.ஹெச்.சி.க்கு மேல் கூடாது. நோயாளி நாக்கடியில் விடும் எண்ணெயில் அது எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? ஒவ்வொரு பேட்சையும், ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, ஒரு மில்லிலிட்டருக்கு எவ்வளவு டி.ஹெச்.சி., எவ்வளவு சி.பி.டி. என்று லேபிளில் அச்சிட ஆயுஷ் அமைச்சகம் கட்டாயமாக்க வேண்டும். சாம்பிளைக் கம்பெனி பொறுக்கி அனுப்பக் கூடாது. ஆய்வகத்தார் வந்து எடுக்கட்டும்.

இந்த மருந்தைத் தடை செய்யச் சொல்லி நான் எழுதவில்லை. முதல் புட்டி இருந்தவரை அக்கா தூங்கினார். இன்னொரு புட்டி வாங்கலாமா என்று நேற்றும் கேட்டார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

– ஓய்வுபெற்ற மருந்துப் பகுப்பாய்வாளர், மதுரை