தூத்துக்குடி உப்பளத்து அக்காவுக்கு நன்றி

முதுகலைச் சமூகவியல் ஆய்வேட்டுக்காக உப்பளப் பெண்களை நேர்காண வந்தபோது, கணக்குப்பிள்ளை அருகிலேயே நின்றதால், கூலி, கண் எரிச்சல் என எதைக் கேட்டாலும் "ஒரு குறையும் இல்லை" என்பதே விடையாக வந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த நீங்கள், நான் கேளாமலே, சாயங்காலம் வீட்டுக்கு வரும்படி தாழ்ந்த குரலில் சொல்லிச் சென்றீர்கள்.

உங்கள் திண்ணையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் காத்திருந்தார்கள். அவர்களுடைய பெயரோ அளத்தின் பெயரோ எழுதப்படாது என்று என்னைச் சொல்லவைத்து, ஒவ்வொருவரும் சம்மதித்த பிறகே ஒலிப்பதிவுக் கருவியை எடுக்கவிட்டீர்கள். (வகுப்பறையில் ஒப்புதல் என்பது பெரும்பாலும் ஒரு கையொப்பத்தோடு முடிந்துவிடுகிறது.) பிறகு, "என்ன கஷ்டம்னு கேக்காத தாயி, நேத்து எந்திரிச்சதுல இருந்து என்ன செஞ்சீங்கன்னு கேளு" என்றீர்கள். அந்த ஒரு கேள்விக்கு, விடியுமுன் சமைத்துவிட்டு அளத்துக்கு நடப்பது முதல், மழைக்காலத்தில் வேலை நின்றதும் அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் போதாமல் வாங்கும் முன்பணம் மறுபருவக் கூலியில் கழிவது வரை, என் வினாநிரலில் இல்லாதவையெல்லாம் வெளிவந்தன.

கொடுத்த வாக்கின்படி ஆய்வேட்டின் நன்றியுரையிலும் உங்கள் பெயர் இல்லை. இதை யாரேனும் உங்களுக்குப் படித்துக் காட்டினால் சொல்லியனுப்புங்கள் அக்கா. நீங்கள் எல்லோரும் பேசியதை நான் எப்படி எழுதியிருக்கிறேன் என்று, அடுத்த பருவம் தொடங்குமுன் வந்து வாசித்துக் காட்ட விரும்புகிறேன்.