பூப்பதற்கு முன்னால் வாருங்கள்

நம் நகர்க் குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

போன மார்கழியில் காலி மனைகளில் புல் வெட்டும் மெஷின் இறங்கியது. ஆளுயரம் நின்ற பார்த்தீனியக் களை இரண்டே நாளில் தரைமட்டம். வாட்ஸாப் குழுவில் ஆளாளுக்குக் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்த மனைகளுக்கு அடுத்த மதில் என் தோட்டம்.

வெட்டிய அன்று செடி முழுக்க வெள்ளைப் பூ. நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரை போடும். கசகசா மாதிரி பொடி விதை. மெஷினே அதை நாலாபக்கமும் தூற்றிவிட்டது. மிச்சமிருந்த அடிக்கட்டை சும்மா இருந்ததா? பக்கக்கிளை விட்டு, முழங்கால் உயரத்திலேயே தை மாதம் மறுபடி பூத்தது. தூற்றிய விதையும் முளைத்து, மாசியில் என் கத்தரிப் பாத்தியில் தரையோடு ஒட்டி இலை விரித்திருந்தது. கேரட் முளைத்திருக்கிறது என்று என் மனைவி இரண்டு நாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்!

1955-ல் புனேயில் கண்ணில் பட்ட செடி இது. இதைத் தின்ன 1980-களில் மெக்சிகோ வண்டைக் கொண்டுவந்து பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் அது இலையைச் சல்லடையாக்கும், வெயில் வந்தால் மண்ணுக்குள் போய்ப் படுத்துவிடும். அதை நம்பி உட்கார முடியாது.

லிட்டருக்கு 200 கிராம் உப்பு கரைத்துத் தெளிக்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். செடி கருகும், உண்மைதான். ரோட்டோரத்துக்குச் சரி. மனையில் தெளித்தால் அடுத்த மழைக்கு அந்த உப்பு என் பாத்திக்குத்தான் வரும்.

நான் கேட்பது தேதி மாற்றம்தான். ஐப்பசியில் முதல் மழை பெய்த மூன்றாவது வாரம் ஆளை இறக்குங்கள். பூ வந்திருக்காது; மண் ஈரமாக இருப்பதால் இழுத்தால் வேரோடு வந்துவிடும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் சங்கமே வாங்கிக் கொடுக்கட்டும். போன தடவை வெறுங்கையால் அள்ளிய அக்காவுக்கு முழங்கை வரை தடித்துவிட்டது. இன்னும் சொறிந்துகொண்டிருக்கிறார், களிம்புச் செலவும் அவருடையதே.

அப்புறம், பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் அடுத்த மழைக்கு அதே கதை. ஆவாரை, கொழுஞ்சி, தகரை என்று ஏதாவது தூவினால் அவை இடம் பிடித்துக்கொள்ளும். ஆவாரை விதை என்னிடம் இரண்டு படி இருக்கிறது. யாரையாவது அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது குறுக்குத் தெருவின் கடைசி வீட்டுக்காரன்